டெக்சா எவ்வளவு, எத்தனை நாள்? தலை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்காக ஓர் ஒப்பீடு

மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்து டிஸ்சார்ஜ் சீட்டு புதிதல்ல. தலையில் கட்டி என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ ஓடுவதைவிடக் களியக்காவிளையைத் தாண்டி மேற்கே போவதுதான் எங்களுக்குப் பக்கம். ஆபரேஷன் முடிந்த ஆளைக் காரின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்வார்கள். மறுநாள் காலையில் சீட்டு என் மேஜைக்கு வந்துவிடும். சீட்டில் எட்டுப் பத்து மருந்து இருந்தாலும் கேள்வி முழுக்க ஒன்றைப் பற்றித்தான்: டெக்சாமெத்தசோன், சுருக்கமாக டெக்சா. மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து.

"அண்ணே, பக்கத்து வீட்டு மாமாவுக்கு நாலு வேளை எழுதியிருந்தாங்க. எங்க அம்மைக்கு ரெண்டு வேளைதான் இருக்கு. குறைச்சு எழுதிட்டாங்களோ?"

"அவருக்கு ஒரே வாரத்துல நிறுத்தியாச்சு. இவளுக்கு ஒரு மாசமா இழுக்கு. ஏன்?"

அளவை எழுதுவது அறுவை செய்த டாக்டர்தான். அதில் நானும் நீங்களும் கைவைக்க முடியாது. ஆனால் எதையெல்லாம் பார்த்து அவர் எழுதுகிறார் என்று தெரிந்துவிட்டால், வீட்டில் கவனித்துக்கொள்பவர் அவருக்குச் சரியான சேதியைச் சொல்லலாம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

இந்த மருந்து செய்வது என்ன

கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் ஒழுகும் குழாய்கள். அவற்றிலிருந்து கசிகிற நீர் மூளைத் திசுவுக்குள் ஊறி நிற்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது, அதனால் அழுத்தம் ஏறும். டெக்சா அந்த ஒழுகலை அடைக்கிறது. சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் முழுப் பலனைக் காட்டும். கட்டியை எடுத்த பிறகும், கத்தி பட்ட இடத்தில் முதல் மூன்று நான்கு நாள் வீக்கம் இருப்பது வழக்கம். அதற்கும் சேர்த்துத்தான் இந்த மருந்து.

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் இதைக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்த வீக்கம் வேறு வகை. 2004-ல் வெளிவந்த கிராஷ் என்ற ஆய்வு, தலையில் அடிபட்ட பத்தாயிரம் பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தது. ஸ்டீராய்டு கொடுத்தவர்களில்தான் சாவு கூடுதலாக இருந்தது. பக்கவாதத்தில் வருகிற வீக்கத்துக்கும் இதனால் பலன் இல்லை.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம். ஐந்தும் ஒரே எடை உள்ளவை அல்ல.

முதலாவது, ஆளுக்கு இப்போது என்ன செய்கிறது என்பது. ஸ்கேனில் வீக்கம் தெரிந்தும் ஆள் எழுந்து உட்கார்ந்து சாயா கேட்டால் ஒரு கணக்கு. கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தால் வேறு கணக்கு.

இரண்டாவது, ஆபரேஷனில் கட்டி முழுதும் வெளியே வந்துவிட்டதா, மிச்சம் இருக்கிறதா, கதிர்வீச்சு வரப்போகிறதா.

மூன்றாவது, ஆபரேஷனுக்கு முன்பிருந்தே சேர்த்து எத்தனை நாளாக மருந்து உள்ளே போகிறது. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு நாள்தான் ஆச்சு" என்பார்கள். அதற்கு முன்னாலேயே மூன்று வாரம் விழுங்கியிருப்பார்கள்.

நான்காவது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய காசநோய், வயிற்றுப்புண், கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகள்.

ஐந்தாவது எந்தப் புத்தகத்திலும் இராது. வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், அவர் காதில் விழுந்தது என்ன? எல்லைப் பக்கத்தில் இது பெரிய விஷயம். கடைசியில் சொல்கிறேன்.

முதல் கேள்வி: பெரிய அளவா, சிறிய அளவா?

| | நாளுக்கு 16 மி.கி. | நாளுக்கு 4 முதல் 8 மி.கி. |
|---|---|---|
| எப்போது பொருந்தும் | மயக்கம், நிற்காத வாந்தி, ஸ்கேனில் மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருப்பது | தலைவலி, லேசான கைகால் தளர்ச்சி, பேச்சுத் தடுமாற்றம் |
| பிரெட்னிசோலோன் (இன்னொரு ஸ்டீராய்டு) கணக்கில் | சுமார் 107 மி.கி. | சுமார் 27 முதல் 53 மி.கி. |
| உடல் தானாகச் சுரப்பதோடு ஒப்பிட்டால் | 20 மடங்குக்கு மேல் | 5 முதல் 10 மடங்கு |
| சர்க்கரை | இதற்குமுன் இல்லாதவருக்கும் ஏறலாம் | ஏறலாம், பிடித்து நிறுத்துவது சற்று எளிது |
| தூக்கம், மனநிலை | அடிக்கடி கெடும் | மாலை வேளையைத் தவிர்த்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம் |
| தொடைத் தசை, முக வீக்கம் | வாரக்கணக்கில் போனால் தெரியும் | மெதுவாக, குறைவாக |

இந்த 16 எங்கிருந்து வந்தது? 1961-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் காலிசிச், பிரெஞ்ச் என்ற இரண்டு டாக்டர்கள் மூளைக்கட்டி வீக்கத்துக்கு டெக்சாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் 10 மி.கி. ஊசி, பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை 4 மி.கி. பலன் அதுவரை யாரும் பார்த்திராதது. அந்த அளவே உலகம் முழுக்கப் பழக்கமாகிவிட்டது. வேலை செய்கிற ஒன்றை யார் மாற்றுவார்கள்?

1994-ல் நெதர்லாந்தில் வெக்ட் என்பவரின் குழு கேள்வியைத் திருப்பிக் கேட்டது. வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டி உள்ளவர்களில், உடனடி ஆபத்து இல்லாதவர்களுக்கு 4, 8, 16 என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றுதான். முகம் ஊதுவது, தொடை தளர்வது போன்ற தொல்லைகள் 16-ல் கூடுதல். அது ஆபரேஷன் ஆனவர்களைக் குறித்த ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் லேசான தொந்தரவுக்கு 4 முதல் 8, கடுமையான தொந்தரவுக்கு 16 என்று இப்போதைய வழிகாட்டுதல் பிரித்திருப்பதற்கு அது ஒரு காரணம். தொந்தரவே இல்லாதவருக்கு ஸ்டீராய்டே வேண்டாம் என்பதும் ஒரு தெரிவுதான். சீட்டில் டெக்சா இல்லை என்று பயந்து என்னிடம் வருகிறவர்களுக்கு இது.

என்னைக் கேட்டால், அந்த அம்மைக்கு நாளின் மொத்த அளவே குறைவாக எழுதியிருந்தால் அது நல்ல சேதி. தலைக்குள் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஆனால் முதல் நான்கைந்து நாளில், ஆள் சோர்ந்து கிடக்கும்போது, 16 எழுதியிருந்தால் அதைக் கண்டு மிரள வேண்டாம். அப்போது பெரிய அளவுதான் சரி. மூளை நசுங்கினால் போனது திரும்பாது. ஏறின சர்க்கரையை இன்சுலினால் இறக்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி: நாலு வேளையா, ரெண்டு வேளையா?

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. டெக்சாவின் வேலை உடலுக்குள் ஒன்றரை நாள், அதற்கு மேலும் நிற்கும். ஆறு மணிக்கு ஒருமுறை என்பது 1961-ன் பழக்கம். மொத்த அளவு ஒன்றே என்றால் காலையும் மதியமுமாக இரண்டு வேளை போதும் என்றே இன்று பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் விழுங்கினால் தூக்கம் போய்விடும். தூங்காத நோயாளி, அவரோடு சேர்ந்து தூங்காத குடும்பம்: இது சீட்டில் எழுதப்படாத செலவு. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நாலு வேளை தவறில்லை, நர்ஸ் கொடுத்துவிடுவார். வீட்டிலும் நாலு வேளை என்று இருந்தால், ரெண்டு வேளையாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: சீக்கிரம் நிறுத்துவதா, இழுத்து நிறுத்துவதா?

சண்டையே இங்கேதான்.

*சீக்கிரம் நிறுத்துவது.* கட்டி முழுதும் வெளியே வந்துவிட்டது, ஆள் தெளிவாக இருக்கிறார், ஆபரேஷனுக்கு முன் அதிக நாள் மருந்து ஓடவில்லை என்றால் பெரும்பாலும் இந்த வழி. 16-ல் இருந்து 8, பிறகு 4, பிறகு 2 என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாக்கி ஒன்றிரண்டு வாரத்தில் முடிப்பது வழக்கமாகப் பார்க்கும் சீட்டு. லாபம் நேரடியானது: தையல் சீக்கிரம் ஆறும், கிருமித் தொற்று குறையும், சர்க்கரை இறங்கும். நஷ்டம், வீக்கம் திரும்பினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது வீட்டுக்காரர். விடியற்காலைத் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வார்த்தை குழறல். இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ போன் போட்டு நேரத்தைப் போக்காமல் நேரே கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் கடைசியாகச் சரியாக இருந்த அளவுக்கே திரும்பப் போகச் சொல்வார்கள்.

*இழுத்து நிறுத்துவது.* கட்டியில் மிச்சம் இருந்தால், கதிர்வீச்சு தொடங்கப்போகிறதென்றால் (அதுவும் வீக்கத்தைக் கூட்டும்), அல்லது மூன்று வாரத்துக்கு மேல் மருந்து ஓடிவிட்டதென்றால் இது. வாரத்துக்கு ஒரு படியாக இறக்கி, 2 மி.கி.க்குக் கீழே வந்ததும் அரை அரை மில்லிகிராமாகக் குறைப்பார்கள். காரணம் இருக்கிறது. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அன்றாடம் ஸ்டீராய்டு சுரக்கிறது. அதன் முழுநாள் வேலையை டெக்சா கணக்கில் சொன்னால் 0.5 முதல் 0.75 மி.கி. அவ்வளவுதான். வெளியிலிருந்து 16 கொட்டினால் சுரப்பி வேலையை விட்டுவிட்டுப் படுத்துவிடும். எழுந்து வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் சோர்வு, மூட்டுவலி, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல் வரும். ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இழுப்பதன் மறைமுகச் செலவுதான் பெரிது. அதில் இரண்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று தொடை. ஒரு மாதம் கடந்ததும் ஒருவர் வந்தார். "அம்மையால திண்ணையில இருந்து எழும்ப முடியல. கட்டி வளருதோ? மாத்திரையைக் கூட்டலாமா?" கேட்டுப் பார்த்தேன். டம்ளரைப் பிடிக்கிறார், ஒரு பக்கம் மட்டும் தளரவில்லை, ரெண்டு தொடையும் மெலிந்திருக்கிறது, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இது ஸ்டீராய்டு செய்கிற தசைத் தளர்ச்சியின் சாயல். மருந்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து தளர்ந்தால்தான் தலையைச் சந்தேகிக்க வேண்டும். அவரை டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் அளவைக் குறைத்து, உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்து அனுப்பினார். ரெண்டு மாதத்தில் அம்மை திண்ணையில் இருந்து தானாக எழுந்தார்.

இன்னொன்று சர்க்கரை. டெக்சா பசியைக் கிளப்பும். எங்கள் ஊரில் பசித்தால் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்தான், பிறகு ரெண்டு மட்டிப்பழம். "காலையில வெறும் வயித்துல பார்த்தோம், 98-தான்" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். காலையில் விழுங்கிய டெக்சா சர்க்கரையை ஏற்றுவது மதியத்துக்கும் மாலைக்கும். காலைக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். மரச்சீனியை அடியோடு விடச் சொல்லவில்லை. தட்டில் மீன் பெரிதாக இருக்கட்டும், கிழங்கு சிறிதாக இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக: வாய்க்குள் வெள்ளைப் படலம், விடாத விக்கல் (இதற்கு டெக்சாதான் காரணம் என்று பலருக்குத் தெரியாது), பழைய காசநோய் தலைதூக்குவது, எலும்பு மெலிவது. 2021-ல் கருப்புப் பூஞ்சையை எல்லோரும் பார்த்தோம். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் பிடித்தது. கதிர்வீச்சோடு கீமோவும் நடந்து, டெக்சாவும் நீண்டால் நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்ரிமாக்சசோல் எழுதுவதுண்டு. அதை "தேவையில்லாத ஆன்டிபயாடிக்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேறு மருந்தே இல்லையா?

பிரெட்னிசோலோன் வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். டெக்சாவுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. தலைக்கு டெக்சாவை எடுப்பது அதனால்தான். மானிட்டால் ஊசி அரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்கும், சில மணி நேரமே நிற்கும். ஆஸ்பத்திரிக்குள் அவசரத்துக்கு உரிய சாமான் அது, வீட்டுக்கு அல்ல. பெவாசிசுமாப் கசிவை நேரடியாக அடைத்து ஸ்டீராய்டைக் குறைக்க உதவும். ஆனால் காயம் ஆறுவதைத் தடுக்கும் என்பதால் ஆபரேஷன் ஆகிக் குறைந்தது 28 நாள் காத்திருப்பார்கள். விலையும் ஆயிரங்களில். டெக்சா ஸ்ட்ரிப் ஒன்று ஒரு சாயாக் காசை ஒட்டி வரும். இந்த மருந்து உலகெங்கும் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கூடவே போகிற மருந்துகளையும் பார்க்க வேண்டும். வலிப்புக்கு பெனிட்டாயின் சாப்பிட்டால் அது டெக்சாவைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதே அளவு வேலை செய்யாது. இன்னொரு வலிப்பு மருந்தான லெவெட்டிராசெட்டாமில் அந்தத் தொல்லை இல்லை. காசநோய்க்கான ரிபாம்பிசினும் பெனிட்டாயின் மாதிரிதான். தலைவலிக்கு என்று டைக்ளோபினாக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. டெக்சாவோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம்.

ராவிலே ரெண்டு குளிக

ஐந்தாவது விஷயத்துக்கு வருகிறேன். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடித்து மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். ஐந்தாம் நாள் கடைக்கு வந்தார், முகம் வெளுத்திருந்தது. "அம்மா நாலு ராத்திரியா தூங்கல. சுவரைப் பார்த்துப் பேசுறா. கட்டி திரும்பிருச்சா?"

எந்த நேரம் மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நர்ஸ் சொன்னபடிதான். ராவிலே ரெண்டு குளிகனு சொன்னாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு."

எங்களுக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது. மலையாளத்தில் ராவிலே என்றால் காலையில், குளிக என்றால் மாத்திரை. சொன்னவரும் சரியாகச் சொன்னார், கேட்டவரும் தன் தமிழில் சரியாகத்தான் கேட்டார். சீட்டில் இருந்த வார்டு நம்பருக்குப் போன் போட்டு விவரத்தைச் சொல்லி, அவர்கள் ஆமோதித்த பிறகு காலைக்கு மாற்றினோம். மூன்றாம் ராத்திரி அம்மா தூங்கினார்.

இதேபோல "மருந்து கழிச்சோ?" என்றால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். "குறச்சு திவசம் கழிஞ்ஞு" என்றால் சில நாள் கழித்து. இதைக் குறைத்துக் குறைத்து என்று பிடித்துக்கொண்டு, எழுதாத அளவுக்கு இறக்கிக்கொண்டு வந்தவரும் உண்டு.

ஆகவே சீட்டு எந்த மொழியில் இருந்தாலும் நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, காலை எத்தனை மி.கி., மதியம் எத்தனை மி.கி. மாத்திரை எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். டெக்சா 0.5 மி.கி.யிலும் உண்டு, 4 மி.கி.யிலும் உண்டு, 8 மி.கி.யிலும் உண்டு. அங்கே 4 மி.கி. மாத்திரை ஒன்று என்று எழுதியிருப்பதை, இங்கே பழைய 0.5 ஸ்ட்ரிப் வாங்கி ஒன்று கொடுத்தால் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. எட்டு மாத்திரை சேர்ந்தால்தான் ஒரு 4. திருப்பிப் போட்டால் எட்டு மடங்கு. வீக்கம் திரும்பிவிட்டது என்று பதறி வந்தவர்களில் சிலருக்கு வீக்கம் திரும்பவில்லை, ஸ்ட்ரிப் மாறியிருந்தது.

தாளின் அடியில் இன்னொரு வரி: மருந்து தொடங்கிய நாள், முடிந்த நாள். நீண்ட நாள் எடுத்தவருக்கு, நிறுத்தின பிறகு மாதங்கள் ஆனாலும், கடும் காய்ச்சலோ மாத்திரை தங்காத வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இந்த வரியைக் காட்ட வேண்டும். சுரப்பி இன்னும் முழுக்க எழுந்திருக்காமல் இருக்கலாம், வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம். பல் பிடுங்கப் போகும்போதும் அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.